கடைசி பெஞ்சில் ஒரு நல்லவர்

அந்தக் கல்லூரியில் அவர் மனத்தைப் புண்படுத்திய ஒரே ஆள் நான்தான். அங்கே வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர் ஓய்வு பெற்ற நாளில் ஷாமியானா போட்டு விழா எடுத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் வேறு வேறு மாதிரி பேசினார்கள். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாதவர், எல்லோருக்கும் நல்லவர். நான் அவருடைய துறையிலேயே அவருக்கு அடுத்தபடி இருந்தவள். என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாததும் நல்லதுதான். பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கடியை இன்னும் விட்டபாடில்லை.

அரிசி ஆலை முதலாளி ஒருவர் அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம் ரயில் பாதையை ஒட்டி ஆரம்பித்த கல்லூரி அது. தாளாளரும் அந்த முதலாளியேதான். அங்கே படிக்க வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நெல் வயல்காரர்களின் பிள்ளைகள், மீதிப் பேர் பழவேற்காடு ஏரிப் பக்கத்துப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழில் படித்துவிட்டு, புகுமுக வகுப்புக்கு வந்ததும் ஆங்கிலத்தில் கணக்கைக் கேட்டுப் பேந்தப் பேந்த விழிப்பார்கள். நாங்கள் ஆசிரியர்கள் பெரும்பாலும் பட்டணத்திலிருந்து காலைக் கரி ரயில் வண்டியில் போய் இறங்குகிறவர்கள். நான் சொல்லவந்த மனிதரும் அப்படித்தான். கணிதத் துறையின் தலைவர். பட்டணத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் இருந்தவரைத் தாளாளர் நேரில் போய் மரியாதை செய்து அழைத்து வந்திருந்தார்.

எங்கள் முதல்வர் ஒரு கோடை விடுமுறையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். சக ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார்ந்து பார்த்து, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ஊரில் எந்த நல்ல ஏற்பாடு வந்தாலும் அதற்கு உடனே சடங்கு ஒன்று முளைத்துவிடும். பையன்கள் அதற்குப் 'பொண்ணு பாக்கறது' என்று பேர் வைத்தார்கள். அதுவே நிலைத்தது. இன்று பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்த ஆசிரியர் கஞ்சி போட்ட சட்டையில் வருவார். பையன்கள் தலை வாரி வருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தின வாரமே நடத்தி முடித்த பாடத்தையே அன்றைக்கு மறுபடியும் நடத்துவார்கள். கேள்வி கேட்டால் பையன்கள் கோரஸாகப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஊரே அப்படிச் செய்ததால் அது ஏமாற்று என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்து வைப்பதுபோல ஒரு மரியாதை என்றே நினைத்தார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களில் எல்லோரும் விரும்பியது எங்கள் துறைத் தலைவரைத்தான். கடைசி பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். மடியில் மடித்த குடை. மணி அடித்ததும் எழுந்து வந்து ஆசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசு நெறஞ்சு போச்சு" என்பார். பிறகு கேன்டீனுக்கு அழைத்துப் போய் வடையும் டீயும் வாங்கிக் கொடுப்பார். முதல்வரிடமும் அதையே சொல்வார். வேறு எதையும் எவரைப் பற்றியும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கேன்டீன்காரரிடமும் அதேதான். சாம்பாரில் பருப்பைத் தேடி எடுக்க வேண்டியிருந்த ஒரு நாள் நாங்கள் எல்லோரும் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தோம். அவர் மட்டும் கடைசிவரை சாப்பிட்டுவிட்டுப் போய் மனசு நிறைந்த கதையைச் சொன்னார். மறுநாள் நான் சண்டைக்குப் போனபோது கேன்டீன்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா நீ, கணக்கு ஐயாவே நாஷ்டா சூப்பராக்குதுன்னு சொல்லிட்டுப் போறாரு. உனுக்கு மட்டும் நாக்கு தனியாவா கீது?"

அதற்கப்புறம் அந்தச் சாம்பாருக்கு விமோசனமே இல்லை. சாம்பார் போனால் போகட்டும். ஆங்கிலத் துறையில் ஒரு பாவப்பட்ட மனிதர் இருந்தார். கரும்பலகையைப் பார்த்தபடியே முணுமுணுப்பார். இரண்டாவது பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. 'கொஞ்சம் திரும்பி நின்று, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் திருந்தியிருப்பார். இவர் போய் உட்கார்ந்தார், மனசு நிறைந்து திரும்பி வந்தார். அந்த மனிதர் அந்தத் தைரியத்தில் இன்னும் இரண்டு வருஷம் பலகையோடு பேசினார். கடைசியில் பையன்கள் ஒரு நாள் கூண்டோடு எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர் காலி வகுப்பில் சாக்பீஸோடு நின்றுகொண்டு, "கணக்கு எச்.ஓ.டி. சார் நல்லா இருக்குன்னாரே?" என்று என்னிடம் கேட்டார். 

எங்கள் தலைவருக்குப் பாடம் பார்க்கத் தெரியவில்லை, அதனால்தான் எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று நான் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் கோபமே வந்திருக்காது. நான் சேர்ந்த வருஷம் என் வகுப்பிலும் உட்கார்ந்தார், என்னிடமும் மனசு நிறைந்ததாகச் சொன்னார், எனக்கும் வடை கிடைத்தது. அதற்குப் பல மாதம் கழித்து மாலை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது, வட்டத்துக்குத் தொடுகோடு நடத்துவதைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, தன்னை மறந்து சொன்னார்.

"அன்னிக்கு நீங்க ரெண்டாவது படத்தை முதல் படத்து மேலேயே வரைஞ்சீங்கம்மா. ஜன்னல் ஓரம் இருந்த பொண்ணு பேனாவை மூடி வச்சிட்டா. அவளோட சேர்ந்து அந்த வரிசையே போயிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை மாதமாக அந்தப் பாடம் ஏன் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் சார் அன்னிக்கே சொல்லல?"

"எதுக்கும்மா? நீங்க வேலைக்குப் புதுசு. மனசு ஒடைஞ்சு போயிடும்."

அடுத்த வருஷம் இரண்டாவது படத்தைத் தனியாக வரைந்தேன். வகுப்பு முழுக்க என்னோடு வந்தது. அந்த ஒரு வாக்கியம்தான் அந்தக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த ஒரே படிப்பு. அதையும் அவர் வாய் தவறித்தான் கொடுத்தார். இப்படி எத்தனை வாக்கியங்களை அந்த மனிதர் கடைசி பெஞ்சிலிருந்து பொறுக்கி எடுத்து, யாருக்கும் கொடுக்காமல் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தார் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆள் நல்லவர் இல்லை என்று சொல்ல முடியுமா? என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வகுப்புகள் அத்தனையையும் அவரே எடுத்தார். யாருக்கு எது என்றாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். வண்டியில் இடம் கிடைத்தால் கூடைக்காரப் பெண்ணுக்கு எழுந்து கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றபடி வருவார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் திட்டுவது சுலபமாக இருந்திருக்கும்.

கன்னியப்பன் எங்கள் துறைக்கு வந்தது எழுபதுகளின் ஆரம்பத்தில். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அந்தக் குப்பத்திலிருந்து எம்.எஸ்ஸி. வரை போன முதல் ஆள். வீட்டில் எல்லோரும் அவர் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். அதே சமயம் இன்னொரு பிள்ளையும் சேர்ந்தான், தாளாளரின் தங்கை மகன். இரண்டு பேருக்கும் ஒரே தகுதி, ஒரே வேலை. அந்தக் காலத்தில் தனியார் கல்லூரியில் ஆசிரியர் வேலை என்பது தாளாளர் வாயில் இருந்தது. போ என்றால் போக வேண்டியதுதான். அதற்கெல்லாம் சட்டம் வந்தது பிற்பாடு.

ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் ஒரு பிரிவை மூடப் போகிறார்கள், இருவரில் ஒருவருக்குத்தான் இடம் என்று தெரிந்தது. இரண்டு பேர் வகுப்பிலும் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும்படி துறைத் தலைவருக்கும் எனக்கும் உத்தரவு வந்தது.

முதலில் தங்கை மகன் வகுப்பு. போன வாரத்துப் பாடம்தான். அதையும் நோட்டைப் பார்த்து வாசித்தான். ஒரு பையனைப் பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்கு ஒன்று சொன்னான். இவன் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் விடையை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

கன்னியப்பனிடம் நான் முந்தின நாளே ஜாடையாகச் சொல்லியிருந்தேன், நடத்தின பாடமாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

"அது இன்னா மேடம் அது? நடத்துன பாடத்தயே தூக்கிக்கினு போய் நின்னா பசங்க என்ன இன்னா நெனப்பானுங்கோ? நாளைக்கு இன்னா வருதோ அதான்."

மறுநாள் வந்தது வகைநுண்கணிதத்தின் முதல் பாடம். எச் என்று ஒரு சின்ன அளவை எடுத்துக்கொண்டு, அதால் வகுத்து, பிறகு அதைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போகிற இடம். நாங்கள் எல்லோரும் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறவர்கள். கன்னியப்பன் பாதி தூரம் போனபோது ஒரு பையன் எழுந்தான்.

"சார், எச்சு கடைசில பூஜ்யமாப் பூடுதுன்றீங்கோ. பூஜ்யத்தால வகுக்கவே கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்கோ?"

பெண் பார்க்கும் நாளில் ஒரு பையன் இப்படி எழுந்து நின்றான் என்றால் வேறு எந்த ஆசிரியராக இருந்தாலும் அவனை அப்புறமாகக் கூப்பிட்டுத் தோலை உரித்திருப்பார். கன்னியப்பன் முகம் மலர்ந்தது.

"கரெக்டா புட்ச்ச. எனக்கே அது ரொம்ப நாளு பேஜாரா இருந்துச்சு. வா, திரும்ப ஆரம்பிக்கலாம்."

பலகை முழுவதையும் அழித்தார். எச்சுக்கு ஒரு எண்ணைப் போட்டார், இன்னும் சின்னதாக ஒன்றைப் போட்டார், இன்னும் சின்னதாக. பையன்களே போடச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்கள். பாதிக்கு மேல் தமிழில்தான் நடந்தது. "எச்சு பூஜ்யத்துகிட்ட போவுது, பூஜ்யமா ஆவல சார்" என்று இன்னொருத்தன் கத்தினான். வேண்டாம் வேண்டாம், அவனே சொல்லட்டும் என்று கேள்வி கேட்ட பையனைக் காட்டி, கத்தினவனை உட்காரச் சொன்னார் கன்னியப்பன். அந்த நேரம் பார்த்துத் தாளாளர் வராந்தா வழியே போனார். அழித்த பலகையையும் கூச்சலையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். மணி அடித்தபோது எடுத்த கணக்கு முடியவில்லை. பையன்கள் எழுந்திருக்கவும் இல்லை.

நான் பக்கத்தில் இருந்த துறைத் தலைவரைப் பார்த்தேன். குடை கீழே விழுந்து கிடந்தது. கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு மாலை வண்டியில் அவரே பேச்சை எடுத்தார். "இப்படி ஒரு வகுப்பை நான் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சும்மா. நான்கூட அந்த இடத்தை இப்படி நடத்தினதில்லை."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் தாளாளர் அறைக்குப் போகும்போது கன்னியப்பன் வேலை பத்திரம் என்று நம்பித்தான் போனேன்.

அறையில் தாளாளர், முதல்வர், அவர், நான். தாளாளர் என் பக்கம் திரும்பியதும் நான் கன்னியப்பனைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். தங்கை மகனைப் பற்றியும் சொன்னேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தாளாளர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரும்மா. உனுக்கு எவனத்தான் புட்சிருக்குது? எங்க கேன்டீன்காரன்ல இருந்து எல்லாங்கிட்டயும் சண்ட. ஐயா சொல்லட்டும்." அவர் பக்கம் திரும்பி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஐயா, எனுக்குக் கணக்கு தெரியாது. நெல்லுன்னா கையில அள்ளிப் பாத்து சொல்லிடுவேன். இது உங்க சரக்கு. எந்தங்கச்சி தெனம் வந்து உயிர எடுக்கறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கோ, அவ மவன் தேற மாட்டான்னு. ஐயாவே சொல்லிட்டாரு, நா இன்னா பண்ணன்னு அவகிட்ட சொல்லிக்கறேன். சொல்லுங்கோ, ரெண்டு பேர்ல யாரு?"

உண்மையைச் சொல்லக் கதவைத் திறந்து வைத்து, வாங்க என்று கூப்பிட்டார் அந்த மனிதர். அரிசி ஆலைக்காரருக்கு இருந்த நாணயம் அது. எங்கள் துறைத் தலைவர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் தொண்டையைச் செருமினார். குடைப்பிடியைத் தடவினார்.

"ரெண்டு பேருமே நல்ல பிள்ளைங்க. ரெண்டு வகுப்பும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு."

"அது செரி. யாரு ஒசத்தி?"

"அப்படிப் பிரிச்சு நான் எப்படிச் சொல்றது? அவரவர் விதத்துல ரெண்டு பேரும்..."

"சார்!" என்றேன் நான். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப ரெண்டும் சமம். சமம்னா எங்க ஊட்டுப் புள்ள இருந்துட்டுப் போவட்டும்."

அவ்வளவுதான். தேநீர் வந்தது. துறைத் தலைவர் குடித்தார்.

வருஷக் கடைசி நாளில் கன்னியப்பன் சொல்லிக்கொள்ள ஆசிரியர் அறைக்கு வந்தார். அறை நிறைய ஆட்கள். துறைத் தலைவர் எழுந்து போய்க் கன்னியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்கே போனாலும் நல்லா இருப்பீங்க. உங்க வகுப்பு இருக்கே, அப்படி ஒரு..."

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

"அதை அந்த ரூம்ல சொல்லியிருக்கணும் சார்."

 அவர் சிரிக்கப் பார்த்தார். "நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் குறைச்சுப் பேசினதில்லம்மா. ஒருத்தர் சோத்துல மண்ணைப் போட எனக்கு வாய் வராது."

"போட்டாச்சு சார். இதோ நிக்கறாரே, இவர் சோத்துலதான் போட்டிருக்கீங்க. கை மட்டும் சுத்தமா இருக்கு. நீங்க நல்லவர் இல்ல சார். எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கணும், அதுக்கு யார் போனாலும் உங்களுக்குச் சரி."

அவர் முகம் கோணியது. நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், குழந்தையைப் போல அழுதார்.

கல்லூரியே பதறிவிட்டது. ஒருவர் விசிறினார், ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள்லாம் ஒரு மனுஷியா?" என்று கேட்டார். வேலை போன மனிதர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து அழுகிறவர் கையில் கொடுத்ததும் கன்னியப்பன்தான்.

"அழுவாதீங்க சார். எனுக்கு இன்னா, கும்மிடிப்பூண்டில கம்பெனியா கட்டிக்கினு கீறானுங்கோ. எங்கனா ஒரு வேல கெடச்சிடும்."

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ரயிலடிக்குப் போகிற வழியில், பொன்னேரி பஸ் வருகிற இடத்தில், கன்னியப்பன் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்.  தூரத்தில் பஸ்ஸின் தூசி தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நெசத்த சொல்லணும்."

"கேளுங்க."

"அன்னிக்கு எங்கிளாஸ் நெசமாவே நல்லா இருந்துச்சா? அவரு நல்லா இருந்துச்சுன்றாரு. ஆனா அவரு எல்லாத்தயும் அப்டித்தான் சொல்வாரு. நீங்கதான் யாரயும் லேசுல நல்லாக்குதுன்னு சொல்ல மாட்டீங்கோ. கணக்கு முடிக்காம வேற விட்டுட்டேனா, அதான்... ஊட்ல போய் உக்காந்தா அதேதான் ஓடுது. தெரிஞ்சா பரவால்ல."

 "நான் பாத்ததுலயே நல்ல வகுப்பு அதுதான், கன்னியப்பன். சத்தியமா. என் காலேஜ்லகூட எனக்கு அப்படி யாரும் நடத்தினதில்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார், கோபமில்லாமல், ரொம்ப மரியாதையாக.

"பரவால்ல மேடம். வேல பூட்ச்சேன்னு மனசு கேக்காம சொல்றீங்கோ."

பஸ் வந்து நின்றது. இல்லை, இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் படியில் ஏறி உள்ளே போய்விட்டார்.